நாலு மூலையிலும் உப்பு

நான் வேலையை நிறுத்துகிறேன் என்று தெரிந்ததும், தூத்துக்குடியில் என்னோடு பழகிய பொறியாளர்களும் மேஸ்திரிகளும் சேர்ந்து ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். பிரியாணி முடிந்ததும் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். பிரித்தால் உள்ளே வீட்டுச் சோதனை கிட். சுவரில் உப்பு இருக்கிறதா, தண்ணீர் எப்படி, பெயின்டில் ஈயம் உண்டா என்று யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று கடையில் விற்கிறார்களே, அதேதான். "பொழுது போகலைன்னா உங்க வீட்டையே சோதிங்கக்கா" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தப் பெட்டியைப் பார்த்து ஒரு காலத்தில் எனக்குத் தூக்கமே போயிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

கை கழுவும் இடத்தில் இரண்டு இளம் பொறியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, ஆளாளுக்கு கிட் வாங்கிப் பாத்துக்கிட்டா எங்கள யாரு கூப்பிடுவா?" என்று கேட்டார்கள். நின்றுகொண்டே சொல்லிவிட முடிகிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

என் தொழில் வீடு பரிசோதிப்பது. வீடு வாங்கப் போகிறவர்கள், புதிதாகக் கட்டிச் சாவி வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். சுவர், தளம், தூண், கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் சோதித்து, இது நிற்கும், இது நிற்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அதற்கு முன்பு துறைமுக வேலைகளை எடுத்துச் செய்த ஒரு கான்ட்ராக்டரின் சோதனைக் கூடத்தில் பல வருஷம் இருந்தேன். பி.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு போனது. முதல் மூன்று வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவியதிலேயே கழிந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ஞானசிகாமணி சாரைப் பற்றி. கூடத்துக்கு அவர்தான் தலைவர். ஒல்லியான ஆள், குரலே உயராது. காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை டிராயருக்குள் வைப்பார். இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் கழுவுவார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை நாலாக மடித்து வலது மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். ஊரில் அடிக்கிற வெக்கையில் ஒரு சொட்டு வியர்வை குடுவைக்குள் விழுந்தாலும் கணக்கு கெட்டுவிடும் என்பதற்காக. அதன் பின் எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவர் விரல்மேலும் வாலைவடிநீரை, அதாவது காய்ச்சி வடித்த உப்பில்லாத தண்ணீரை ஊற்றி, வழிகிற தண்ணீரைச் சோதனைக்குழாயில் பிடித்து, அதில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவார். உப்பு இருந்தால் அந்த நொடியே தண்ணீர் பால்போல வெளுத்துவிடும். வெளுத்தால் திரும்பப் போய்க் கை கழுவ வேண்டும். "மொதல்ல உன் கையச் சோதி. பெறகு ஊரச் சோதிக்கலாம்." தினமும் இதேதான் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த மருந்து தோலில் பட்டால் கறுத்துப்போகும். என் கல்யாணத்தில் மாமியார் என் விரல்களைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஏதாவது நோயா என்று என் அம்மாவின் காதில் கேட்டாராம். அந்தக் கறுப்பு இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. நான் போக விடவும் இல்லை.

ஒரு நாள் மதியம் கூடத்தின் பின்னால் உட்கார்ந்து மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாதிரியைத் தொட்டேன். வந்திறங்கிய மணலில் உப்பு எக்கச்சக்கம் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று லாரி மணல் திரும்பிப் போனது. மணல்காரர் வந்து வாசலில் நின்று கத்தினார். சார் என்னைக் கூப்பிட்டு, "கையச் சோதிச்சியா?" என்று மட்டும் கேட்டார். சார் அதே மணலைத் தன் கையால் மறுபடி சோதித்தார். குழாயில் தண்ணீர் தெளிவாக நின்றது. கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு மேலதிகாரிகள் இருந்த அறைக்குப் போனார். "தப்பு என் கூடத்துல நடந்திருக்கு, மணல் நல்ல மணல்" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். என் பெயரைச் சொல்லவே இல்லை. அன்றைக்குக் குளியலறையில் போய் அழுதேன். அதற்கப்புறம் எனக்கு எரிச்சல் வந்ததில்லை.

கான்ட்ராக்டர் கூடத்தை மூடியபோது நான் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். கடலோரத்து வீடுகளுக்குப் பெரிய பயம் உப்புதான். பக்கத்திலேயே மணல் மலைபோலக் கிடக்கிறதே என்று கடல் மணலை அள்ளிக் கலந்து கட்டிவிட்டால், அதிலிருக்கும் உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, சில வருஷத்தில் கான்கிரீட்டே வெடித்து விழும். அதைக் கண்டுபிடிக்கத் துளைபோடும் மெஷினும் மருந்துப் பெட்டியுமாக ஸ்கூட்டரில் சுற்றினேன். கொத்தனார்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அதிலும் மணப்பாட்டு அந்தோணிக்குச் சுத்தமாக ஆகாது. நல்ல வேலைக்காரன், வாய்தான் நீளம். அவன் போட்ட ஒரு குளியலறைத் தளத்தில் சரிவு தப்பு என்று நான் எழுதியதால் முழுத் தளத்தையும் உடைத்துப் போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவனுக்கு நான் 'சுரண்டுத அக்கா'. போகிற இடமெல்லாம் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

அப்புறம்தான் கிட் வந்தது. உடன்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பொன்னுதுரை அண்ணாச்சி அதை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இறக்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கினார். கருப்பட்டி வியாபாரத்திலிருந்து ஹார்டுவேருக்கு வந்த குடும்பம். எது ஓடும் என்று மோப்பம் பிடித்துவிடுவார். நான் கடைக்குப் போன அன்று, "மேடம், இனி உங்களுக்கு ரெஸ்ட்டுதான்" என்று சிரித்தார். நான் ஒரு நாள் முழுக்கச் செய்கிற வேலையை ஒரு சின்ன டப்பா ஐந்து நிமிஷத்தில் செய்யுமாம். வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நடந்தது வேறு. ஒரு மாதத்துக்குள் போன் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருப்பவர் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க அதே கடையில் விற்ற இன்னொரு கிட்டின் தட்டைத் திறந்து ஒரு அறையில் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் அதில் கறுப்பாய் முளைத்ததைப் பார்த்து அலறியடித்துக் கூப்பிட்டார். அன்னாசிப் பழத்தை வெட்டி வைத்தாலும்தான் முளைக்கும். போய்ப் பார்த்தால் ஏ.சி. தண்ணீர் சுவருக்குள் வடிந்துகொண்டிருந்தது, தட்டில் முளைத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் கிட் வாங்கியிருக்காவிட்டால் அவர் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார், அந்தச் சுவரும் தப்பியிருக்காது. கிட் பயத்தைக் கிளப்பிவிடும், பதில் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று எனக்குப் புரிந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

இப்படியிருக்கையில் ஒரு காலை வாசலில் அந்தோணி நின்றான். வாய் திறக்காமல் நின்றான், அதுதான் எனக்கு அதிசயம்.

விஷயம் இதுதான். மணப்பாட்டில் கப்பல் இன்ஜினியர் ரூபன் என்பவருக்கு ஆறு வருஷம் முன்பு அந்தோணி ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தான். பிள்ளைகள் படிப்புக்காக ரூபனும் மனைவி மெர்லினும் தூத்துக்குடிக்கு மாற நினைத்து வீட்டை விற்க முன்வந்தார்கள். வாங்க வந்தவர் நம்முடைய பொன்னுதுரை அண்ணாச்சி. தன் கடைக் கிட்டையே கொண்டுபோய் ஹாலின் நாலு மூலையிலும் சுரண்டிச் சோதித்திருக்கிறார். நாலும் வெள்ளையாகத் திரிந்தன. அதை வீடியோ எடுத்து, 'அந்தோணி கொத்தனார் கட்டுன வீடு, முழுக்கக் கடல் மணல்' என்று பேசித் தன் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். அது உடன்குடி, மணப்பாடு, திருச்செந்தூர் என்று சுற்றி எல்லார் போனுக்கும் வந்துவிட்டது.

"அக்கா, கைல இருந்த மூணு வேலையும் நின்னுட்டு. உடன்குடில பாதில நிக்க வீட்டுக்கு வேற கொத்தனாரக் கொண்டாந்துட்டாவ. கோயில்ல பூசைக்குப் போனா ஆளுக திரும்பித் திரும்பிப் பாக்காவ" என்றான். கொத்தனார் கரண்டியை இடுப்பிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தான். "நீங்க துளை போட்டுப் பாருங்க. உள்ள உப்பு இருந்துச்சுன்னா இத நீங்களே வச்சுக்கிடுங்க. நான் இனி தொட மாட்டேன்."

"எங்கிட்ட ஏன் வந்த அந்தோணி? வேற ஆளு இல்லையா?"

"உங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாதுன்னு ஊருக்கே தெரியும்லா. நீங்க சொன்னாத்தான் நம்புவாவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நான் சோதிக்கும்போது பொன்னுதுரை அண்ணாச்சியும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவருக்கு நானே போன் பண்ணினேன், வருகிறேன் என்றார்.

மணல்மேட்டுக்குக் கீழே அந்த வீடு. அழகான வீடு. வெளியே நல்ல காற்று. அண்ணாச்சி, அந்தோணி இருவரும் ஆளுக்கொரு சுவரோரம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். மெர்லின் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். கணவர் கப்பலில், இவள் தனியாக இந்தப் பழியையும் விற்பனையையும் சுமக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

முதலில் என் கையைச் சோதித்தேன். தண்ணீர் தெளிவாக நின்றது. கொண்டுபோன வாலைவடிநீரைச் சோதித்தேன், அதுவும் தெளிவு. பிறகு அண்ணாச்சி சுரண்டிய அதே மூலையில் மேல்பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, நீரில் குலுக்கி, வடிகட்டி, ஒரு சொட்டு விட்டேன். தயிர்போலத் திரண்டது. "பாத்தியளா!" என்றார் அண்ணாச்சி. அந்தோணி கிட்டே வந்து குழாயைப் பார்த்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்குள் பழைய கோபம் எழுந்து, மாட்டிக்கொண்டான் பார் என்றது. சுரண்டுத அக்கா என்று ஊர் முழுக்கச் சொன்ன வாய்தானே. ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அவன் தொழில் அத்தோடு முடிந்தது. கை கழுவிய தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது என்று அப்போதுதான் தோன்றியது. பேனாவை மூடி வைத்துவிட்டுத் துளைபோடும் மெஷினை எடுத்தேன்.

இதில் சூட்சுமம் ஒன்றுதான். மணலிலேயே உப்பு இருந்தால், சுவரின் மேலே எவ்வளவோ அதே அளவு உள்ளேயும் இருக்கும். வெளியிலிருந்து வந்த உப்பென்றால் உள்ளே போகப் போகக் குறையும். மூலையில் தூண் இருப்பதால் துளை நேராகக் கான்கிரீட்டுக்குள் இறங்கும். அரை அங்குலம் இறக்கி அந்தத் தூளை ஒரு புதுக் கவரில் பிடித்தேன். துளையை ஊதிச் சுத்தம் செய்து, துளைக்கும் ஊசியைத் துடைத்து, ஒரு அங்குலம். மறுபடி துடைத்து, இரண்டு அங்குலம். ஒவ்வொரு கவரிலும் எண். இதே மாதிரி தோள் உயரத்தில், சுவரின் நடுவில், படுக்கையறைகளில், சமையலறையில். மதியம் ஆகிவிட்டது. யாரும் சாப்பிடப் போகவில்லை.

குழாய்களை ஜன்னல் திண்டில் வரிசையாக நிறுத்தி மருந்தை விட்டேன். மூலையின் மேல்பூச்சு தயிர். அரை அங்குலத்தில் நீர்மோர். ஒரு அங்குலத்தில் லேசான மங்கல். இரண்டு அங்குலத்தில் கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். தோள் உயரத்தில் மேலே மட்டும் காற்றில் வந்த உப்பின் மங்கல், உள்ளே சுத்தம். சுவர் நடுவிலும் சுத்தம்.

"அண்ணாச்சி, இது கடல் மணல் இல்ல. இந்த உப்பு வெளிய இருந்து வந்திருக்கு" என்றேன்.

அவர் லேசில் விடுகிற ஆளில்லை. "வெளிய இருந்து எப்பிடி மேடம்? காத்துல வந்தா செவரு பூரா வரணும்லா. மூலைல மட்டும் எப்பிடி வந்து ஒக்காரும்?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் இல்லாமல் அறிக்கை கொடுத்தால் அந்தோணியின் பெயர் பாதிதான் மீளும், மீதிச் சந்தேகம் அவனோடே இருக்கும். ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்து, உப்பு திரண்ட இடங்களைச் சிவப்பு மையால் குறித்தேன். ஹாலின் நாலு மூலை. இரண்டு படுக்கையறைகளின் எல்லா மூலைகளும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரைக்கும்தான். சமையலறையிலும் குளியலறையிலும் ஒன்றுமே இல்லை.

மெர்லின் டீ கொண்டுவந்தாள். தட்டை வைக்கக் குனிந்தவள் தாளைப் பார்த்தாள். தட்டோடு நிமிர்ந்தாள்.

"அக்கா... இந்தச் செவப்பு போட்ட எடமெல்லாம் என்ன?"

"உப்பு இருக்க எடம்மா."

"இது நான் தீர்த்தம் ஊத்துத எடம்லா."

அவள் முகம் சிவந்துவிட்டது. "சிலுவைக் கோயில்ல சாமியார் மந்திரிச்ச உப்பு குடுப்பாவல்லா, அதக் கொஞ்சம் தீர்த்தத்துல கரைச்சு மூலைக்கு ஒரு கை ஊத்துவேன். அவிய கப்பல் ஏறுத அன்னைக்கும், அப்பறம் மாசத்துல மொத வெள்ளியும். ஹால்ல, அவிய படுக்குத ரூம்புல, பிள்ளைய ரூம்புல. ஊத்திட்டு ஒரு செபம் சொல்லுவேன். ஆறு வருசமா உண்டு. அவிய வீடியோ கால்ல பாத்துட்டுக் கேலி பண்ணுவாவ, அதான் வெளிய சொல்லுதது இல்ல." டீத் தட்டை அப்போதுதான் கீழே வைத்தாள். "நடுக்கடல்ல நிக்க மனுசனுக்குக் கரைல இருந்து நான் வேற என்ன செய்யக்கா?"

அண்ணாச்சியிடம் திரும்பி, எதற்காக மூலையில் மட்டும் சுரண்டினீர்கள் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "செவரு நடுவுல சுரண்டுனா தழும்பு தெரியும். அடுத்தவுக வீடுல்லா, மூலைலன்னா கண்ணுக்குத் தெரியாதுன்னு பாத்தேன். அந்தப் பிள்ள அப்ப அடுப்படில டீ போட்டுக்கிட்டு நின்னா." மரியாதைக்காக ஒதுங்கிச் சுரண்டிய இடம்தான் அவள் உப்பு ஊற்றிய இடமாகப் போய்விட்டது.

மெர்லின் தீர்த்த பாட்டிலை எடுத்து வந்தாள். "இதச் சோதிக்கலாமாக்கா? பாவம் இல்லையே?" என்று கேட்டாள். நானும் அதே சிலுவையைக் கும்பிடுகிறவள்தான். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பத்துச் சொட்டு எடுத்துக் குழாயில் விட்டு, மருந்தை ஊற்றினேன். பளீரென்று வெளுத்துத் திரண்டது. மூலையில் சுரண்டிய பூச்சின் குழாயை அதன் பக்கத்தில் வைத்தேன். எது எது என்று பிரிக்கவே முடியவில்லை.

அந்தோணி தரையில் உட்கார்ந்து, கைலியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை, இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். பொன்னுதுரை அண்ணாச்சியை அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் போய் அந்தோணியின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். போனை என் கையில் கொடுத்து எடுக்கச் சொன்னார். அத்தனை குழாய்களையும் காட்டிவிட்டு, "தப்பு என்னுது. நான் சோதிச்ச எடம் தப்பு. அந்தோணி போட்டது நல்ல மணல். இந்த வீட்ட நாந்தான் வாங்கப் போறேன்" என்று பேசினார். குடும்பக் குழுவோடு நிறுத்தாமல் தன் கடைக் குழுவிலும் போட்டார். முதல் வீடியோவை விட இது வேகமாகச் சுற்றியது. அடுத்து வந்த ஞாயிறே உடன்குடி வீட்டுக்காரர்கள் அந்தோணி வீட்டுக்குப் பழத்தோடு போனார்களாம். கரண்டியை நான் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வந்தது எனக்கே தெரியாத ஒரு திமிர். ஸ்கூட்டரில் வரும்போது வழி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தேன்.

அண்ணாச்சி சும்மா இருப்பாரா? அடுத்த வாரமே கூப்பிட்டார். தான் விற்கிற ஒவ்வொரு கிட்டிலும் என் பெயரும் எண்ணும் போட்ட ஒரு தாளை வைக்கிறேன், என்ன எழுதலாம் என்று கேட்டார். 'மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்' என்று எழுதலாம் என்பது அவருடைய யோசனை. நான் வேறு எழுதிக் கொடுத்தேன். 'முதலில் உங்கள் கையைக் கழுவி, கழுவிய நீரைச் சோதியுங்கள். மூன்று இடங்களில் சோதியுங்கள். யார் மேலும் பழி சொல்வதற்கு முன் கூப்பிடுங்கள்.' இப்படிப் போட்டால் ஆள் பயப்பட மாட்டான், கூப்பிடவும் மாட்டான் என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார். ஆனால் அதன்பின் நான்கு ஊரிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். வேலை தாங்காமல் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டேன். கிட் வந்து என் தொழிலை விழுங்கும் என்று பயந்தேனே, என் வாழ்க்கையில் நான் அதிகமாகச் சம்பாதித்ததும் தலைநிமிர்ந்து நடந்ததும் அதற்குப் பிறகுதான். தம்பிகளா, உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவே.

இன்னொன்று பாக்கி. ஓய்வு பெறப் போகிறேன் என்று முடிவானதும் எங்கள் வீட்டு மாடியில் எனக்கென்று ஒரு அறை கட்டினேன். கட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பூச்சு காய்ந்ததும் நான் மெஷினை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். தெரிந்தவன் என்பதற்காகச் சோதிக்காமல் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தோணி சுவருக்கு முன்னால் கைகட்டி நின்றான். காலடியில் ஒரு கிட் பெட்டி பிரித்தபடி இருந்தது.

"அக்கா, துளை போடுததுக்கு முன்னால கொஞ்சம் கைய நீட்டுங்க."

"எதுக்கு?"

"மொதல்ல உங்க கையச் சோதிக்கணும்லா."

என் கறுத்த விரல்களை நீட்டினேன். அவன் வாலைவடிநீரை மெதுவாக ஊற்றி, வழிந்ததைக் குழாயில் பிடித்து, ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். நானும் பார்த்தேன். கலங்கவில்லை. "சரி, இனி போடுங்க" என்று சொல்லிச் சுவரை விட்டு விலகி நின்றான்.